பழைய லேத்துக்குப் புத்துயிர்

தொழிற்கூடங்களில் லேத்தைத் ‘தாய் இயந்திரம்’ என்று அழைப்பது வழக்கம். காரணம் எளியது. ஒரு லேத்தைக் கொண்டு இன்னொரு லேத்தின் உருண்டை உறுப்புகளை எல்லாம் செய்துவிடலாம். பம்பு, மோட்டார், தையல் எந்திரம், பேருந்தின் அச்சு என்று நாம் அன்றாடம் காணும் எந்தப் பொருளாயினும், அதன் உள்ளே வட்டமாகச் சுழலும் ஓர் உறுப்பு இருந்தால் அது எங்கோ ஒரு லேத்தில் பிறந்ததாகவே இருக்கும். ஆயினும் கலைக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் அத்தாயை நேரில் கண்டதில்லை. கண்டவர்களும் கரும்பிசுக்குப் படிந்த ஓர் இரும்புக் குவியலாகவே அதைக் கண்டிருப்போம்.

நான் வரலாற்று மாணவன். பொறியியல் படித்தவன் அல்லன். எனினும் கடந்த ஆண்டு விடுமுறை நாட்களில் பழைய லேத் ஒன்றைப் பழுது நீக்கும் பணியில் என் தாய்மாமாவுக்குத் துணை நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்பணியில் நான் அறிந்தவற்றை நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூண்டிக்கு வந்த இயந்திரம்

எங்கள் ஊர் பூண்டி. கோடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்கே செல்லும் மலைச்சாலையில், கிளாவரைக்கு முன்னால் உள்ள சிற்றூர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவையே எங்கள் வாழ்வு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் படிக்கட்டு வயல்களிலும் விளைகிறது. பயிருக்கு நோய் கண்டால் ஓரிரு நாளில் மருந்தடித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தெளிப்பானின் புஷ் தேய்ந்துவிட்டாலோ, அச்சு முறிந்துவிட்டாலோ, அதைக் கையிலெடுத்துக்கொண்டு கோடைக்கானலுக்கோ வத்தலக்குண்டுக்கோ பேருந்து ஏற வேண்டும். கால் மணி நேர வேலைக்கு ஒரு முழுநாள் போய்விடும். மண் சரிந்து சாலை அடைபட்டால் இரண்டு நாளும் ஆகும்.

என் மாமா கோவையில் முப்பது ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்தவர். கணினி இயக்கும் லேத்துகள் வந்த பின்னர் கையால் இயக்கும் லேத்துகளுக்கு வேலை குறைந்தது. அவரும் ஊர் திரும்பினார். திரும்பும்போது சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்து, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகவிருந்த சிறிய லேத் ஒன்றை வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ‘காய்கறி ஏற்றப் போன லாரியில் காயலான் சரக்கு வருகிறது’ என்று ஊரார் நகைத்தனர். அத்தையோ நகைக்கவில்லை. கோபித்துக்கொண்டார். அந்தப் பணம் வீட்டுக் கூரைக்கு என்று வைத்திருந்த பணம். அடுத்த மழைக்குள் லேத் ஓடிச் சம்பாதிக்க வேண்டும், இல்லையேல் வாங்கிய விலைக்கே அதை எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்பது வீட்டில் ஏற்பட்ட உடன்பாடு.

இயந்திரத்தைப் படித்தல்

அந்த லேத்தில் பெயர்ப்பலகை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஆயினும் பெயரில்லாத கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்பதுபோல, இயந்திரத்தின் காலத்தையும் அதன் உறுப்புகளைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம்.

முதலாவது, இது தையல் எந்திரம்போல் காலால் மிதித்து ஓட்டும் லேத். கீழே கனமான சக்கரம் ஒன்றும், அதிலிருந்து தட்டையான தோல் பட்டை ஏறும் படிக்கட்டுக் கப்பியும் உள்ளன. மின்சாரம் எட்டாத இடங்களுக்கும், சிறு பட்டறைகளுக்கும், வீட்டுக்குள்ளேயே கைவினை பயின்றவர்களுக்கும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய லேத்துகள் செய்யப்பட்டன. இன்று காண்பது அரிது. இரண்டாவது, கைப்பிடிகளிலுள்ள அளவுக் கோடுகள் மில்லிமீட்டரில் இல்லை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, அதன் போல்ட்டுகளின் மரை 55 பாகைக் கோணம் கொண்டது. இது 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் வகுத்த முறை. அமெரிக்க மரையும் இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகை கொண்டவை.

இவற்றைக் கண்டதும், ‘அப்படியானால் இது இங்கிலாந்தில் செய்ததுதானே மாமா?’ என்றேன்.

‘அவசரப்படாதே மருமகனே. அந்தக் காலத்தில் நம்ம ஊர்க்காரர்களும் விட்வொர்த் மரைதான் போட்டார்கள்’ என்றார் அவர்.

அவர் கூறியது சரியே. நம் நாட்டில் எடை அளவுச் சட்டம் வந்தது 1956-இல். மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது அதன் பின்னரே. அதற்கு முன்பே மைசூர் கிர்லோஸ்கர் நிறுவனம் 1941-இல் ஹரிஹரில் தோன்றிவிட்டது. கோவையிலும் இயந்திரத்தொழில் வேரூன்றிவிட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் கோவையிலேயே மின்மோட்டாரை உருவாக்கிக் காட்டினர். எனவே அங்குல அளவு அந்த இயந்திரத்தின் காலத்தைக் காட்டுமேயன்றிப் பிறந்த ஊரைக் காட்டாது. சான்று எதைச் சொல்கிறதோ அதோடு நின்றுகொள்வதே முறை என்பதை வரலாற்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். அதன் பொருளை மாமாவின் கொட்டகையில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

துருவும் அதன் மருந்தும்

பழுது பார்ப்பதில் முதல் விதி, கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்வது. ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டுச் சீட்டுக் கட்டினோம். அதன் பின்னரே துருவின்மேல் கை வைத்தோம்.

துருவைக் கண்டதும் உப்புத்தாளை எடுப்பதே நம் கைப்பழக்கம். ஆனால் லேத்தின் ‘பெட்’ எனப்படும் நீண்ட அடித்தளத்தில் உப்புத்தாள் படவே கூடாது. தாளிலிருந்து உதிரும் கூரிய துகள்கள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புகுந்து, பின்னாளில் மேலே நகரும் உறுப்பை அரைத்துத் தேய்த்துவிடும். மேலும், கை அழுத்தம் ஓரிடத்தில் மிகுந்து ஓரிடத்தில் குறைவதால் சமதளம் கெட்டுப்போகும். எனவே பெட்டுக்கு மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் பொறுமையும் மட்டுமே மருந்து.

துரு ஆழப் பிடித்த சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறையைக் கையாண்டோம். பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்தோம். துருப்பிடித்த உறுப்பை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி கரைசலில் தொங்கவிட்டோம். உறுப்பின் மேல் சிறு குமிழிகள் எழுந்தன. அவை ஹைட்ரஜன். அக்குமிழிகள் துருவை நெகிழ்த்தித் தள்ளுகின்றன. துருவின் ஒரு பகுதி வேதிமாற்றமும் அடைகிறது. அமிலத்தைப் போல இம்முறை நல்ல இரும்பைத் தின்பதில்லை. இதுவே இதன் சிறப்பு.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு ஆதலால், காற்றோட்டமான வெளியிலேயே இதைச் செய்ய வேண்டும். நேர்முனைக்கு எவர்சில்வர் தகடு ஆகாது, அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சாகும். மூன்றாவது, கடினப்படுத்திய சுருள்வில்களை இக்கரைசலில் இடலாகாது, ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும். இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரத் தேய்த்துத் தூசி எழுப்பாமல், நனைத்துச் சுரண்டி எடுப்பதே நலம்.

மூன்று தட்டுகளின் உண்மை

இனி இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறேன். லேத்தில் உளி தாங்கும் பகுதி பெட்டின்மீது முன்னும் பின்னும் நகர்கிறது. பெட் நேராக இருந்தால்தான் கடைசலும் நேராக இருக்கும். பெரும்பாலான வேலை சுழலும் தலைப்பகுதிக்கு அருகிலேயே நடப்பதால், பெட் அங்கு மட்டும் தேய்ந்துவிடும். எங்கள் லேத்தில் அத்தேய்மானம் 0.08 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு தாளின் கனம்கூட இல்லாத இந்தக் குழிதான் அந்த இயந்திரம் எடைக்குப் போனதற்குக் காரணம்.

இக்குழியை நீக்க வேண்டுமானால் ‘சமம்’ என்று சொல்லத்தக்க ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். அந்தச் சமத்தை எதைக் கொண்டு சரிபார்ப்பது? அதைவிடச் சமமான ஒன்றைக் கொண்டு என்றால், அந்த ஒன்றை எதைக் கொண்டு? இவ்வாறு முடிவின்றிச் செல்லும் கேள்விக்குப் பொறியாளர்கள் கண்ட விடை வியப்பூட்டுவது. 1840-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் விட்வொர்த் அதை விளக்கினார்.

இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்துவிடலாம். ஆனால் அதனால் அவை சமமானவை என்று ஆகிவிடாது. ஒன்று மேடாகவும் மற்றொன்று அதற்கேற்ற பள்ளமாகவும் இருந்தாலும் இரண்டும் பொருந்தும். எனவே மூன்றாவது தட்டு ஒன்றைச் செய்து, முதலாவதோடும் பொருத்துக, இரண்டாவதோடும் பொருத்துக. முதலாவது மேடு என்றால் மூன்றாவது பள்ளமாக வேண்டும். பள்ளமான மூன்றாவது, பள்ளமான இரண்டாவதோடு எவ்வாறு பொருந்தும்? ஒருபோதும் பொருந்தாது. மூன்று தட்டுகளும், எந்த இரண்டை எடுத்து எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்துகின்றன என்றால், அம்மூன்றும் சமமாக இருந்தே தீர வேண்டும். எந்த மூல அளவுகோலும் இன்றி, பொருத்திப் பொருத்தித் திருத்துவதாலேயே உண்மையை அடையும் வழி இது. இருவர் உடன்பட்டால் மட்டும் போதாது, மூன்றாமவர் சாட்சியும் வேண்டும் என்பது வழக்காடு மன்றத்துக்கு மட்டுமல்ல, இரும்புக்கும் பொருந்துகிறது அன்றோ!

இவ்வாறு பிறந்த சமதளத் தட்டின் வழிவந்த ஒன்றும், அதில் சரிபார்த்த நேர்விளிம்புச் சட்டம் ஒன்றும் மாமாவிடம் இருந்தன. சட்டத்தில் நீலச்சாயத்தை மிக மெல்லியதாகப் பூசிப் பெட்டின்மேல் வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த நீலப் புள்ளிகளை மட்டும் ஸ்க்ரேப்பர் என்னும் கையுளியால் சுரண்ட வேண்டும். துடைக்க வேண்டும். மீண்டும் நீலம், மீண்டும் சுரண்டல். ஒரு சுற்றில் நீங்குவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். முதல் நாள் பெட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலத் திட்டுகள் தெரிந்தன. நாட்கள் செல்லச் செல்லத் திட்டுகள் சிறுத்துப் பெருகின. ஓர் அங்குலச் சதுரத்தில் பதினைந்து, இருபது புள்ளிகள் சீராகத் தோன்றியபோது மாமா உளியைக் கீழே வைத்தார். புள்ளிகளுக்கு இடையே எஞ்சும் நுண்ணிய பள்ளங்களில் எண்ணெய் தங்கும். அதனால் சுரண்டிய தளம் கண்ணாடிபோல் தேய்த்த தளத்தைவிட வழுக்கலாக நகரும்.

ஐந்து வாரங்கள் மாலைதோறும் இப்பணி நடந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியைக் கேட்டிருக்கிறேன். இங்கு அடி மேல் அடி வைத்து இரும்பு நேரானதைக் கண்டேன்.

அச்சும் மட்டமும்

அடுத்தது ஸ்பிண்டில் எனப்படும் சுழலும் அச்சு. அது பிளவுபட்ட வெண்கலப் பேரிங்குகளில் ஓடுகிறது. பிளவின் இடையே மெல்லிய பித்தளைத் தகடுகள் செருகப்பட்டுள்ளன. தேய்மானம் ஏற்படும்போது ஒரு தகட்டை எடுத்துவிட்டு இறுக்கினால் ஆட்டம் குறையும். பழுது வரும் என்பதை முன்னறிந்து, அதை நீக்கும் வழியையும் உள்ளேயே வைத்துச் செய்த அக்காலக் கைவினைஞரை எண்ணி வியந்தேன். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது முதலில் 0.10 மில்லிமீட்டர் இருந்த ஆட்டம், தகடு நீக்கிய பின் 0.02-க்கு இறங்கியது.

பிறகு மட்டம் பார்த்தல். நேரான பெட்டும்கூடச் சமமற்ற தரையில் வைத்து இறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. இயந்திரமே தன் குறையைச் சொல்லுமாறு ஒரு சோதனை உண்டு. தடித்த இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, மறுமுனைக்குத் தாங்கல் கொடாமல், தண்டின் இரு இடங்களில் மட்டும் மிக மெல்லியதாகக் கடைய வேண்டும். இரண்டு இடத்திலும் விட்டம் ஒன்றாக இருந்தால் பெட் முறுக்கின்றி உள்ளது. வேறுபட்டால், கால்களின் அடியில் மெல்லிய தகடுகளை வைத்துத் திருத்தி மீண்டும் கடைய வேண்டும். முதல் முறை 0.06 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. ஏழாவது முறையில் அது 0.01-க்கும் கீழே வந்தது.

அங்குலமும் மில்லிமீட்டரும்

இன்னொரு சிக்கல் எஞ்சியது. இன்றைய தெளிப்பான்களில் மரைகள் மெட்ரிக் முறையில் உள்ளன. எங்கள் லேத்தின் லீட் ஸ்க்ரூவிலோ அங்குலத்துக்கு எட்டு மரைகள். மரை வெட்டும்போது இந்தத் திருகுதண்டுதான் உளியை இழுத்துச் செல்கிறது. ஸ்பிண்டிலுக்கும் இதற்கும் இடையே பற்சக்கரங்களை மாற்றி வைத்து வேண்டிய மரையைப் பெறலாம். திருகுதண்டையும், மாற்றுப் பற்சக்கரங்களையும், நகரும் உளித்தாங்கியையும் ஒரே இரும்பு இயந்திரத்தில் இணைத்து 1800-ஆம் ஆண்டளவில் வெற்றி கண்டவர் இலண்டனைச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லே. அவர் பட்டறையில் பயின்றவர்களுள் ஒருவர்தாம் மேலே கூறிய விட்வொர்த்.

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எனவே 1.5 மில்லிமீட்டர் மரை வேண்டுமானால், 1.5 ஐ எட்டால் பெருக்கி 25.4 ஆல் வகுக்க வேண்டும். விடை 60-க்கு 127 என்னும் விகிதம். 127 ஒரு பகா எண். ஆதலால் 127 பற்கள் கொண்ட சக்கரம் இன்றி இவ்விகிதம் துல்லியமாகக் கிட்டாது. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு எங்கள் சிறு லேத்தில் இடமில்லை. பழைய டர்னர்கள் இதற்கு ஒரு மாற்றுவழி வைத்திருந்தனர். 63 பல் சக்கரம் 80 பல் சக்கரத்தை ஓட்ட, 30 பல் சக்கரம் 50 பல் சக்கரத்தை ஓட்டினால், கிடைக்கும் விகிதம் 0.4725. தேவையானது 0.47244. பிழை எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. இருபது மில்லிமீட்டர் நீள மரையில் இது ஒரு மில்லிமீட்டரின் நானூறில் ஒரு பங்குதான். எந்த நட்டும் இதைப் பொருட்படுத்தாது. இக்கணக்கை மாமா தாளில் போடவில்லை, மனப்பாடமாகச் சொன்னார். நான்தான் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

காப்பதா, மாற்றுவதா?

பழைய பொருளைப் புதுப்பிப்பதில் இருவேறு கட்சிகள் உண்டு. ஒன்று, பழமை சிறிதும் கெடாமல் கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டும் என்பது. மற்றொன்று, பயன்படுமாறு வேண்டியதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது. எங்கள் கொட்டகையிலும் இவ்வழக்கு எழுந்தது. மிதியைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டாரை நேரே பெட்டில் பொருத்தலாம் என்றார் ஊரிலுள்ள மின்பணியாளர். அதற்குப் பெட்டில் நான்கு துளைகள் இட வேண்டும். மாமா ஒப்பவில்லை. அரைக் குதிரைத்திறன் மோட்டாரைத் தனி மரச்சட்டத்தில் ஏற்றிப் பட்டை வழியே இணைத்தார். பட்டையை மாற்றினால் மீண்டும் மிதியால் ஓட்டலாம். திரும்பப் பெற முடியாத மாற்றம் எதையும் செய்யாதே என்பது இன்று கோயில்களையும் ஓவியங்களையும் காப்போர் கூறும் கொள்கை. மாமா அதை நூலில் படித்தவரல்லர். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் நாள்கணக்கில் நின்றுபோகும் என்பதை அறிந்தவர்.

எங்கள் மலைக்கு இத்தகைய மரபு புதிதுமன்று. கோடைக்கானல் வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், 1909-இல் கதிரவப் புள்ளிகளில் வாயுக்கள் பரவி ஓடுவதைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்றவர். அவர் கருவிகளைத் தம் கையால் அமைப்பதிலும் வல்லவர். புனேயில் இருந்த இருபது அங்குலத் தொலைநோக்கி 1912-இல் கோடைக்கானலுக்கு வந்து, பல்லாண்டுகள் கழித்தே அங்கு நிறுவப்பட்டது. 1968-இல் காவலூரில் புதிய வானாய்வு நிலையம் தொடங்கியபோது அங்கு முதலில் நின்ற 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கோடைக்கானல் ஆய்வகத்தார் தாமே உருவாக்கியது. விண்மீனை நோக்கும் கண்ணுக்குப் பின்னால் இரும்பைக் கடையும் கை ஒன்று என்றும் இருந்திருக்கிறது.

முடிவுரை

மழை தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு லேத் ஓடியது. முதல் வேலையாக வந்தது, கவுஞ்சி விவசாயி ஒருவரின் விசைத்தெளிப்பானுக்கு வெண்கல புஷ். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அவர் அன்று மாலையே மருந்தடித்தார். அந்தப் பணத்தை மாமா அத்தையின் கையில் கொடுத்தார். அத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, ‘கூரைக்கு இன்னும் எத்தனை புஷ் வேண்டும்?’ என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை இன்னும் முடியவில்லை. ஆனால் லேத்தை எடைக்குப் போடும் பேச்சு நின்றுவிட்டது.

எனினும் ஒரு கவலை எஞ்சுகிறது. லேத்தைக் காத்துவிட்டோம். நீலம் பூசிச் சுரண்டும் அந்தக் கையை யார் காப்பது? இரும்பைத் துருவிலிருந்து மீட்க மண்ணெண்ணெயும் சோடாவும் உண்டு. கைத்தொழில் அறிவு துருப்பிடித்தால், அதைக் கற்றுக்கொள்ளும் இன்னொரு கையே அதற்கு மருந்து. நண்பர்களே, உங்கள் ஊரிலும் பழைய லேத்துப் பட்டறை ஒன்று இருக்கும். அங்கு வயது முதிர்ந்த டர்னர் ஒருவரும் இருப்பார். விடுமுறையில் ஒரு நாள் சென்று அவர் அருகே நில்லுங்கள். கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் இல்லாத பாடங்கள் பல அங்கே நமக்காகக் காத்திருக்கின்றன.